கதவுல சாய்ச்ச தொடப்பம்

மத்தியானம் ரெண்டரை மணி. ஆனா இருட்டு. டிசம்பர் மாசம், குஹ்மோவத் தாண்டி எல்லைப் பக்கம் போற ரோடு... ரெண்டு பக்கமும் காடு. நடுவுல ஒரே ஒரு வண்டி போகுது. ரவுனோவோட வண்டி.

பயப்படறதுக்கு நடுராத்திரிதான் வேணும்னு எவன் சொன்னான்? இந்த வடகோடியில, பனிக்காலத்துல அது மத்தியானமே கெடைக்கும்.

அந்த மெழுகுவத்திய கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்துங்க... போதும். கரண்ட் வர்ற வரைக்கும் நம்ம பழைய கம்ப்யூட்டர் எதையும் தொட முடியாது, ஆவிக் குளியலுக்கு சவுனாவும் இன்னும் சூடேறல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதுக்கு இதக் கேளுங்க. சகாரி, நீ அடுப்பு ஓரமா வா. இப்பத்தான் வந்திருக்க, ஒதடெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு. ஒன் மச்சான் கதைதான். அவன் வந்திருந்தா அவன் வாயாலயே சொல்ல வெச்சிருப்பேன். வரல... சரி, நானே சொல்றேன். வியாழக்கிழமை போன்ல எங்கிட்ட சொன்னது. ஒனக்கே முழுசாச் சொல்லியிருக்க மாட்டான்.

ரவுனோவத் தெரியாதவங்களுக்கு... சகாரி பொண்டாட்டியோட அண்ணன். சோட்கமோல ஒரு ஸ்கூல்ல ஹீட்டர், பைப்பு எல்லாம் பாத்துக்கறான். அது சோத்துக்கு. மத்த நேரம் பூரா நம்மள மாதிரியே அறுபத்துநாலக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற ஆளு. எண்பதுகள்ல வீட்டுக்கு வீடு இருந்துச்சே, கீபோர்டுக்குள்ளயே கம்ப்யூட்டர், டிவில சொருகினா ஓடும்... அதுதான். இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தப் பரண்ல ஒரு அறுபத்துநாலு செத்துக் கெடந்தாலும் ரவுனோவத்தான் கூப்பிடுவாங்க.

அன்னிக்கு சனிக்கிழமை. போன சனிக்கிழமைதான், ரொம்ப நாளாகல. சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் பொண்ணு இன்கா வீட்டுக்கு வர்றதா இருந்துச்சு. ஓலு டவுன்ல படிக்கிறா. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சதுலேர்ந்து அப்பன்கிட்ட ஒரு வார்த்த பேசாதவ. திடீர்னு ஒருநாள் அவளே மெசேஜ் அனுப்பியிருக்கா. 'சனிக்கிழமை ஆறு மணிக்கு வரேன். கஞ்சி வெய்யி.' அவ்ளோதான். அந்த ஒரு வரிய மனுஷன் எத்தனை தடவ படிச்சானோ. பண்டிகைக்கு வெப்போமே பால் கஞ்சி, அத அன்னிக்குக் காலைலயே கிண்டி, பட்டை போட்டு, அடுப்புக்குள்ள மூடி வெச்சுட்டுத்தான் கெளம்பினான்.

ஏன் கெளம்பினான்? முந்தின நாள் இர்யாம்மான்னு ஒரு வயசான அம்மா போன் பண்ணியிருக்காங்க. மகனோட அறுபத்துநாலு ஓட மாட்டேங்குது, டிஸ்க் டிரைவ்தான் கோளாறு, வீட்ட விட்டு வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது, இங்கயே வந்து பாருன்னு சொன்னாங்க. அடுத்த வாரம் வரேன்னு இவன் இழுத்திருக்கான். அதுக்கு அந்தம்மா சொன்னது இதுதான்:

"மூணு வாரமா வீட்டுல ஆள் இல்ல தம்பி. பண்டிகைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடு."

தனியா இருக்கறவங்க, தனிமையச் சொல்றாங்கன்னு இவன் நெனச்சுக்கிட்டான். ரெண்டு மணி நேர வேலை, ஆறு மணிக்குள்ள திரும்பிடலாம்னு ஒரு கணக்கு. நமக்குத் தெரியாதா, டிஸ்க் டிரைவ் வேலை என்னிக்கு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருக்கு?

போய் எறங்கினா மெஷின் வீட்டுல இல்ல. ஏரிக்கரையில பழைய சவுனா ஒண்ணு. அதுக்கு முன்னால ஒரு சின்ன அறை. அந்தம்மாவோட மகன் கிம்மோ பதினஞ்சு வயசுல அங்கதான் குடியிருந்தான். மேஜை, குண்டு டிவி, கீபோர்டு, டிரைவ்... எல்லாம் அவன் வெச்ச எடத்துலயே இருக்கு.

என்ன ஒஸ்ஸி? ஆமாம்ப்பா, சவுனா பக்கத்துல மெஷின் வெச்சா ஈரம் ஏறும். பதினஞ்சு வயசுல ஒனக்குத் தனியா ஒரு அறை கெடைச்சிருந்தா நீ ஏரிக்கு அடியிலயே வெச்சிருப்ப. பேசாம கேளு.

அந்தப் பய எண்பத்தெட்டுல செத்துட்டான். அதே அறையில. எப்படின்னா... பய வெவரமானவன். ப்ரோக்ராம் எழுதறப்ப எவனும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு, தொடப்பத்த வெளிய கதவுல சாய்ச்சு வெச்சுட்டு, ஜன்னல் வழியா உள்ள எறங்கிடுவானாம். கதவுல தொடப்பம் சாஞ்சிருந்தா வீட்டுல ஆளில்லன்னு அர்த்தம். நம்மள்ல எவன் தட்டுவான்? பூட்டே இல்லாத வீடுங்க. தொடப்பம்தான் பூட்டு. அன்னிக்கு நல்ல குளிர். அடுப்பப் போட்டிருக்கான். சூடு வெளிய போயிடக் கூடாதுன்னு கங்கு அணையறதுக்கு முன்னாடியே புகைக்கூண்ட மூடற தகட்ட உள்ள தள்ளிட்டான். அப்புறம் என்ன ஆகும்னு நம்ம ஊர்ல கொழந்தைக்குக் கூடத் தெரியும். கங்குலேர்ந்து வர்ற விஷக் காத்து உள்ளயே தேங்கிடும். வாசனை கெடையாது, கண்ணுக்குத் தெரியாது. தல வலிக்கும், தூக்கம் வரும், அவ்ளோதான்.

பக்கத்து வீட்டு ஆள் மீன் குடுக்க வந்தான். தொடப்பத்தப் பாத்தான். போயிட்டான். அம்மா கடையிலேர்ந்து வந்தாங்க. அவங்களும் தொடப்பத்தப் பாத்தாங்க. பய பனியில சறுக்கப் போயிருக்கான்னு நெனச்சு வீட்டுக்குப் போய் சமைக்க ஆரம்பிச்சுட்டாங்க. முப்பது அடி தூரம் இருக்குமா? அவ்ளோதான் இருக்கும்.

ரவுனோவுக்கு இதையெல்லாம் அந்தம்மா அழாம சொன்னாங்களாம். காபிய ஊத்திக்கிட்டே. கிம்மோ ஒரு ஆட்டம் எழுதி வெச்சிருக்கான், எழுத்து மட்டும் வர்ற ஆட்டம். அவங்க வீட்டையே எழுதியிருக்கான். 'நீ முற்றத்தில் நிற்கிறாய்'ன்னு ஆரம்பிக்கும். சவுனாக் கதவுல தொடப்பம் சாஞ்சிருக்கும். 'துடைப்பத்தை எடு'ன்னு அடிக்கணும். எடுத்தா, 'கிம்மோ வீட்டில் இருக்கிறான்'னு வரும். தெனமும் காலையில அந்தம்மா வந்து மெஷினப் போட்டு, அந்த ஒரு வரிய அடிச்சுட்டுப் போவாங்களாம். எண்பத்தெட்டுலேர்ந்து. ஒருநாள் தவறாம. மூணு வாரத்துக்கு முன்னால டிரைவ் நின்னுபோச்சு.

மூணு வாரமா வீட்டுல ஆள் இல்லன்னு அவங்க சொன்னது அதைத்தான்.

அந்தம்மா அடுப்புல ரெண்டு கட்டையப் போட்டுட்டு, பிளாஸ்க்கையும் ரொட்டியையும் வெச்சுட்டு, மகன் கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன்னு கெளம்பிட்டாங்க. தகடு வெளியதான் இழுத்திருந்துச்சு. ரவுனோ அத மொதல்லயே பாத்துக்கிட்டான். எவனா இருந்தாலும் பாப்பான்ல.

வேலை ஆரம்பிச்சான். வோல்டேஜ் பாத்தான், சரி. மெஷின் போட்டான், நீலத் திரை வந்துச்சு. கிம்மோவோட டிஸ்க்கச் சொருகினான். தட தட தட தட... டிஸ்க்கப் படிக்கிற தல போய் முட்டுற சத்தம். செவப்பு லைட்டு கண்ணு சிமிட்டுச்சு. மூடியத் தொறந்தான். அழுகின மீன் நாத்தம். கெப்பாசிட்டர் ஒண்ணு ஒழுகியிருந்துச்சு, மாத்தினான். பஞ்சுல ஸ்பிரிட்ட நனைச்சுத் தலயத் தொடைச்சான், பழுப்பா வந்துச்சு. திரும்பப் போட்டான். தட தட தட தட.

தன்னோட சோதனை டிஸ்க்கப் போட்டுப் பாத்தான். அதையும் படிக்கல. அப்பத்தான் புரிஞ்சுது, தல எடம் நகந்துபோச்சு. இந்த டிரைவுங்களுக்கு அது பரம்பரை வியாதி. மோட்டாரோட ரெண்டு ஸ்குரூவத் தளத்தி, ஒரு மயிரிழை திருப்பி, சோதனை டிஸ்க்கு சுத்தமாப் படிக்கிற எடத்துல நிறுத்தி முடுக்கினான். அருமையா ஓடுது. கெளம்பிடலாம்னு கிம்மோ டிஸ்க்கப் போட்டான்.

தட தட தட தட.

ஒஸ்ஸி சிரிக்கிறான் பாரு. ஒனக்கும் ஆயிருக்குல்ல? பய எழுதினப்பவே அந்த டிரைவோட தல கோணலாத்தான் இருந்திருக்கு. கோணல் தலையில எழுதின டிஸ்க்க அதே கோணல்லதான் படிக்க முடியும். ரவுனோ அத ஒழுங்கா நிமித்தி வெச்சுட்டான். ஒழுங்கா வெச்சதுதான் தப்பு. இனிமே முப்பது வருஷத்துக்கு முந்தின கோணல் எதுன்னு தேடணும். ஸ்குரூவத் தளத்து, மயிரிழை நகத்து, டிஸ்க்கப் போடு, முட்டுற சத்தத்தக் கேளு, திரும்ப நகத்து... மணி ஓடுது. இன்கா ஓலுல பஸ் ஏறியிருப்பா.

அப்ப வெளிய ஒரு சத்தம்.

சர்ர்ர்... ட்டக்.

பனி மேல குச்சி இழுபடற சத்தம். அப்புறம் மரத்துல மரம் படற சத்தம். இர்யாம்மா வந்துட்டாங்க, படியப் பெருக்கறாங்கன்னு இவன் நெனச்சுக்கிட்டான். தலயத் தூக்கிக் கூடப் பாக்கல. ஏன்னா அந்த நேரத்துல முட்டுற சத்தம் நின்னுபோச்சு. டிஸ்க்கு சுத்துது... க்ர்ர், க்ர்ர்ன்னு மெதுவாப் படிக்குது. கெடைச்சுடுச்சு அந்தக் கோணல்.

ஆட்டம் ஏறிச்சு. திரையில எழுத்து வந்துச்சு.

'நீ சவுனாவின் முன்னறையில் இருக்கிறாய்.
அடுப்பு எரிகிறது.
வெளியே கதவில் துடைப்பம் சாய்ந்திருக்கிறது.
வீட்டில் யாரும் இல்லை.'

முற்றத்துல ஆரம்பிக்கும்னுதானே அந்தம்மா சொன்னாங்க? இவனுக்கு லேசா ஒரு மாதிரி ஆச்சு. வேற ஏதோ பழைய பிரதியா இருக்கும், வந்து அவங்களே பாத்துக்கட்டும்னு பையத் தூக்கிட்டுக் கதவத் தள்ளினான்.

தொறக்கல.

பூட்டு கெடையாது. தாழ்ப்பாள் கெடையாது. வெளிப்பக்கம் தொறக்கிற கதவு. தோளக் குடுத்துத் தள்ளினான். அசையல. ஜன்னல்ல மூஞ்சிய ஒட்டிப் பக்கவாட்டுல பாத்தான். பிர்ச் மரக் குச்சித் தொடப்பம் ஒண்ணு கதவுல சாஞ்சிருக்கு. குச்சிகளச் சேத்துக் கட்டினது கயிறு இல்ல. பழைய மெஷின்லேர்ந்து பிரிச்ச பட்டை ஒயர், ஏழெட்டு நெறமா இருக்குமே, அது. சும்மா சாஞ்சிருக்கு. ஒரு தொடப்பம் எவ்ளோ கனம் இருக்கும்? பூனை ஒரசினா விழுந்துடும்.

ஜன்னலப் பாத்தான். பையன் சாவுக்கப்புறம் ஆணி அடிச்சிருக்காங்க. ரெட்டைக் கண்ணாடி. பதினஞ்சு வயசுப் பய நுழையலாம், ரவுனோவோட வயிறு நுழையாது. போனு வண்டியில கெடக்கு.

அப்ப ஏரிக்கரைப் பாதையில ஒருத்தர் நின்னுக்கிட்டே காலால உந்தித் தள்ற பனிச்சறுக்கு வண்டியில வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர். ரவுனோ ரெண்டு கையாலயும் கண்ணாடியத் தட்டினான், கத்தினான். அவர் நின்னார். ஜன்னல நேராப் பாத்தார். அப்புறம் தொடப்பத்தப் பாத்தார். வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார்.

போன்ல இதச் சொல்றப்ப ரவுனோ சிரிச்சான். "என் கண்ணப் பாத்தாருடா. செவுத்தப் பாக்கற மாதிரி பாத்தாரு"ன்னான்.

திரும்பி வந்து ஒக்காந்தான். ஏன் ஒக்காந்தேன்னு அவனுக்கே தெரியல. கால் அவ்ளோ கனத்துச்சாம். நெத்தியச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கற மாதிரி ஒரு வலி. கீபோர்டுல 'துடைப்பத்தை எடு'ன்னு அடிச்சான்.

'துடைப்பம் வெளியே இருக்கிறது. நீ உள்ளே இருக்கிறாய். எடுக்க முடியாது.'

நியாயம்தான். பய ஒழுங்காத்தான் எழுதியிருக்கான். 'கூப்பிடு'ன்னு அடிச்சான். 'யாரை?'ன்னு கேட்டுச்சு. 'அம்மாவை'ன்னு அடிச்சான். டிஸ்க்கு கொஞ்ச நேரம் சுத்துச்சு.

'அம்மா வருகிறாள்.
அம்மா துடைப்பத்தைப் பார்க்கிறாள்.
அம்மா போகிறாள்.'

பனியில காலடி கேட்டுச்சு. சரக்... சரக்... சரக். ஜன்னலுக்கு ஓடினான்... ஓடலாம்னு நெனச்சான், மேஜையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போக முடிஞ்சுது. இர்யாம்மா முற்றத்துல நிக்கறாங்க. கையில விளக்கு. கதவப் பாத்தாங்க. ஜன்னலப் பாத்தாங்க. இவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்துல நிக்கறான். அந்தம்மா தலய ஆட்டிக்கிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் போயிட்டாங்க. சமையலறையில லைட்டு எரிஞ்சுது.

அப்பத்தான் அடுப்பத் திரும்பிப் பாத்தான். புகைக்கூண்டுத் தகடு உள்ள தள்ளியிருந்துச்சு. கங்கு செவசெவன்னு கெடக்கு. இவன் தொடவே இல்ல. இழுத்துப் பாத்தான், வரல. ஸ்குரூ டிரைவரத் திருப்பிப் பிடிச்சு ஜன்னல ஓங்கி அடிச்சான். உள் கண்ணாடி உடைஞ்சுது. வெளிக் கண்ணாடிக்குக் கையத் தூக்கினா... கை மேல வரல.

மணி என்னன்னு தெரியல. இன்கா மட்டும்தான் மனசுல இருந்தாளாம். நான் இங்க செத்தா, அவ வந்து தட்டித் தட்டிப் பாத்துட்டு, அப்பன் இந்தத் தடவையும் ஏமாத்திட்டான்னு நெனச்சுக்கிட்டே போயிடுவாளேன்னு. சாவுக்கு அழல, அதுக்கு அழுதேன்னான்.

அப்புறம் என்ன பண்ணான்? நம்மள்ல எவனும் பண்றதத்தான் பண்ணான். ஆட்டத்த நிறுத்தினான். நிறுத்துற பட்டனத் தட்டி, ப்ரோக்ராமப் பட்டியலாப் போட்டான். பய எழுதின வரிங்க ஓடுது. எடங்களுக்கு நம்பர் குடுத்திருக்கான். ஒண்ணு முற்றம், ரெண்டு சவுனாக் கதவு, மூணு சமையலறை... எட்டு ஏரி. மொத்தமே எட்டு எடம்தான். எந்தப் பொருளும் எங்கயும் இல்லாமப் போகணும்னா பூஜ்யம். ஒரு வரியில, தொடப்பம் ரெண்டுல இருக்குன்னு எழுதியிருக்கு.

ரெண்ட அழிச்சு பூஜ்யம் அடிச்சான். ஓட்டினான்.

'துடைப்பம் இங்கே இல்லை.'

வெளிய சத்தமே இல்ல. விழற சத்தம் கூட இல்ல. ஆனா டிரைவு தானா சுத்த ஆரம்பிச்சுது. படிக்கிற சத்தம் வேற, எழுதற சத்தம் வேற, நமக்குத் தெரியும். அது எழுதுச்சு. இவன் ஒண்ணும் சேமிக்கச் சொல்லல. எழுதி முடிச்சு லைட்டு அணைஞ்சுது. கதவு லேசா ஒரு விரக்கடை திறந்துக்கிச்சு. சில்லுன்னு காத்து.

விழுந்தடிச்சு ஓடினான். கால்ல ஒயர் மாட்டுச்சு, டிரைவு மேஜையிலேர்ந்து தரையில ணங்குன்னு விழுந்துச்சு. திரும்பிக் கூடப் பாக்கல. பனியில குப்புற விழுந்து கெடந்து மூச்சு வாங்கினான். வாந்தி எடுத்தான்.

இர்யாம்மா ஓடி வந்தாங்க. படி மேல தொடப்பம் இல்ல. பனியில அது இழுபட்ட தடம் கூட இல்ல. "நீங்க வந்து பாத்துட்டுப் போனீங்களே"ன்னு கேட்டிருக்கான். "வந்தேன் தம்பி... ஆளில்லன்னு தோணுச்சு, போயிட்டேன். ஏன்னு தெரியல"ன்னாங்களாம். தொடப்பத்தப் பத்திக் கேட்டதும் அந்தம்மா மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"கலர் ஒயர் கட்டினதா? அது கிம்மோ கட்டினது. அவனப் பொதைச்ச அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேனே தம்பி."

இவன் நிக்கல. பைய அங்கயே போட்டுட்டு, ஜன்னலக் கீழ எறக்கி விட்டுக்கிட்டு வண்டிய ஓட்டினான். அடிச்ச குளிர்ல தல தெளிஞ்சுது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டான். எல்லா லைட்டையும் போட்டான். கஞ்சி இன்னும் சூடாத்தான் இருந்துச்சு, வீடெல்லாம் பட்டை வாசனை. ரெண்டு தட்டு வெச்சான். அவனுக்கு அப்ப இருந்த சந்தோஷத்துக்கு, நடந்ததெல்லாம் அடுப்புக் காத்துல மூளை கலங்கின கதைன்னு அவனே முடிவு பண்ணிட்டான். இருக்கலாம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஆறு மணி. வாசல்ல காலடி. சரக்... சரக்... சரக்.

நின்னுச்சு.

இவன் மேஜையில ஒக்காந்து தட்டற சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருக்கான். மொதல்ல அவ தட்டட்டும், ஓடிப் போய்த் தொறந்தா அழுதுடுவோம்னு நெனச்சானாம். தட்டவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு காலடி திரும்பிப் போச்சு. எழுந்து ஓடிப் போய்க் கதவத் தொறந்தான். லேசாத் தொறந்துக்கிச்சு. வாசல்ல ஒண்ணும் இல்ல. படி வரைக்கும் வந்து திரும்பின பூட்ஸ் தடம் மட்டும் இருந்துச்சு. தெருமுனையில ஒரு டாக்சியோட செவப்பு லைட்டு போயிட்டிருந்துச்சு.

போன் பண்ணான். எடுத்தா. அழுதுகிட்டிருந்தா.

"தொடப்பத்தக் கதவுல சாய்ச்சு வெச்சுட்டு, உள்ள லைட்டப் போட்டு ஒக்காந்திருக்கியேப்பா. நான் வர வேணாம்னா, வேணாம்னே சொல்லியிருக்கலாம்ல."

வெச்சுட்டா. அதுக்கப்புறம் அவ போன எடுக்கல.

ரவுனோ வீட்டுல குச்சித் தொடப்பமே கெடையாது. ஒரு வேக்குவம் கிளீனர் இருக்கு, அதுவும் ஓடாது.

ராத்திரி பூரா யோசிச்சிருக்கான். அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்துச்சு. பூஜ்யம்தான் அடிச்சேனா? வெரல் மரத்துப் போயிருந்துச்சு. அறுபத்துநாலு கீபோர்டுல பூஜ்யத்துக்குப் பக்கத்துல எது இருக்கு? சொல்லுங்க... ஆமா. ஒம்பது. திரையில அவன் கடைசியாப் பாத்தது ஒம்பதுதான். இப்ப சத்தியம் பண்ணுவேன்னான். பய எழுதின வீட்டுல எட்டு எடம்தான். ஒம்பதாவது எடம்னு ஒண்ணு இல்ல. இல்லாத எடத்துக்கு இவன் தொடப்பத்த அனுப்பிட்டான். போக எடம் இல்லாத தொடப்பம் எங்க போகும்? அந்த வரிய எழுதி அனுப்பினவன் வீட்டுக்குத்தான்.

வியாழக்கிழமை என்கூடப் பேசறப்ப, அந்த வாரம் பூரா ஒருத்தர் கூட அவன் கதவத் தட்டலன்னான். தபால் வரலியாம். பனி அள்ற பக்கத்து வீட்டுக்காரன் இவன் வாசல மட்டும் விட்டுட்டுப் போறானாம். கடைக்குப் போனா எல்லாரும் பேசறாங்க, ஆனா வீட்டுக்குள்ள இருந்தா எவன் கண்ணுக்கும் அவன் இல்ல. அத மாத்தணும்னா அந்த ஒரு வரிய மாத்தணும். அதுக்கு டிஸ்க்கப் படிக்கணும். டிரைவுதான் கீழ விழுந்துடுச்சே, அந்தக் கோணல் மறுபடி போயிடுச்சு. வேற எந்த டிரைவும் அதப் படிக்காது. "பரவால்ல, ஒரு தடவ கண்டுபிடிச்சவன் மறுபடி கண்டுபிடிக்க மாட்டேனா? ஞாயித்துக்கிழமை போறேன். தகடு மேல ஒரு கண்ணும், ஸ்குரூ மேல ஒரு கண்ணுமா ஒக்காந்துக்கறேன்"ன்னான். தனியாப் போகாத, நானும் வரேன்னேன். சனிக்கிழமை ராத்திரி இங்க வந்துடு, சகாரிகிட்டச் சொல்லி ஒன்னக் கூட்டிட்டு வரச் சொல்றேன், காலையில ரெண்டு பேருமாப் போகலாம்னேன். சரின்னான்.

நாளைக்குத்தான் ஞாயித்துக்கிழமை.

அவ்ளோதான் கதை. ஒஸ்ஸி, வாய மூடு, ஈ போயிடும். டிசம்பர்ல ஈ ஏதுன்னு கேக்காத.

...என்ன சகாரி? கப்ப ஏன் கீழ வெச்சுட்ட?

என்ன கேட்ட... எதால கட்டியிருந்துச்சா? அதான் சொன்னேனே. பட்டை ஒயர். செவப்பு, பச்சை, மஞ்சள், பழுப்பு... அந்த மாதிரி.

ஏன்?

"வர்ற வழியில மச்சான் வீட்டுக்குப் போனேன். கதவுல அந்தத் தொடப்பம் இருந்துச்சு. ஆளில்லன்னு வந்துட்டேன்."

லைட்டு எரிஞ்சுதா?

"எரிஞ்சுது."

புகைக்கூண்டுல புகை?

"வரல... ஜன்னல்ல யாரோ ரெண்டு கையாலயும் கண்ணாடியத் தட்டிக்கிட்டிருந்தாங்க. நின்னு பாத்தேன். ஆனா தொடப்பம் இருந்துச்சேடா... அதான், ஆளில்லன்னு வந்துட்டேன்."